கண்டேன் என்று எழுதுமுன்



சென்ற மாதம் ஒரு நாள் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு உலகப் படத்தை விரித்து வைத்து, அட்சரேகை எது, தீர்க்கரேகை எது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். இந்த இரண்டு கோடுகளின் எண்களும் தெரிந்தால் உலகில் எந்த இடத்தையும் குறித்துவிடலாம் என்று சொன்னபோது, கடைசி வரிசையில் இருந்த ஒரு பையன் எழுந்தான்.

“ஐயா, எங்க அண்ணன் சிங்கப்பூர்ல வேலை செய்யிறாரு. போன வாரம் அந்த மாதிரி நம்பரை வெச்சுக்கிட்டு, ஒரு பூங்காவுல பெஞ்சுக்கு அடியில ஒரு சின்ன டப்பாவைக் கண்டுபிடிச்சாராம். உள்ள ஒரு துண்டுத்தாள்தான் இருந்துச்சாம். அதுல பேரு எழுதிட்டு, டப்பாவை எடுத்த இடத்துலயே வெச்சிட்டு வந்துட்டாராம். எடுத்துக்கிட்டு வராட்டி அதுல என்னா லாபம் ஐயா?”

வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால், அந்தப் பிள்ளைக்கு விடை சொல்லப் புகுந்தபோது, இது சிரித்துத் தள்ளிவிடும் கேள்வியன்று என்பது தெரிந்தது. அந்த விடையைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அந்தப் பையனின் அண்ணன் ஆடிய விளையாட்டுக்கு ஜியோகேச்சிங் என்று பெயர். நாம் அதைப் புவிப் புதையல் தேடல் எனலாம். ஒருவர் ஒரு சிறு பெட்டியை ஓரிடத்தில் மறைத்து வைப்பார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எல்லாரும் அறிய வெளியிடுவார். மற்றவர்கள் இடங்காட்டும் கருவியின் துணையோடு அதைத் தேடிச் செல்வார்கள். கண்டவர் பெட்டிக்குள் இருக்கும் தாளில் தம் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு, அடுத்தவருக்காக அதை முன்பு இருந்தபடியே வைத்துவிட்டு வரவேண்டும். இன்று உலகில் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட பெட்டிகள் இவ்வாறு மறைந்து கிடக்கின்றன. நம் மலேசியாவிலும் உண்டு, சிங்கப்பூரிலும் உண்டு.

இந்த விளையாட்டின் உயிர் பெட்டியில் இல்லை. அந்தத் துண்டுத்தாளில் இருக்கிறது. அதில் எழுதும் முறை எப்படி வளர்ந்தது என்பதைத் தெரிந்துகொள்ள, நாம் ஏறக்குறைய நூற்றெழுபது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன் என்றொரு மாவட்டம். அங்கே டார்ட்மூர் என்னும் பரந்த மேட்டுநிலம் இருக்கிறது. மரங்கள் குறைவு, கருங்கல் குன்றுகளும், கால் புதையும் சதுப்பு நிலமும், திடீரென்று சூழும் மூடுபனியும் அதிகம். அதன் வடபகுதியில் கிரான்மியர் குளம் என்று ஓரிடம். பெயரில்தான் குளம், உண்மையில் அது சேறும் புல்லும் நிறைந்த ஒரு பள்ளம். ஆனாலும், அங்குச் சென்று சேர்வது கடினம் என்பதாலேயே, சென்று வந்தோம் என்று சொல்லிக்கொள்வது பெருமையாக இருந்தது.

சாக்ஃபோர்டு என்னும் ஊரில் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி வாழ்ந்தார். வெளியூரிலிருந்து வரும் கனவான்களை மேட்டுநிலத்துக்குள் அழைத்துச் செல்வது அவர் தொழில். அவர் 1854ஆம் ஆண்டில், கிரான்மியர் குளத்தில் ஒரு புட்டியை வைத்தார். அங்கு வருவோர் தங்கள் பெயர் அச்சிட்ட அட்டையை அந்தப் புட்டியில் போட்டுவிட்டுச் செல்லலாம் என்றார்.

ஏன் பெயர் அட்டை? அக்கால இங்கிலாந்தில், வசதி படைத்தோர் ஒரு வீட்டுக்குச் சென்று, வீட்டுக்காரர் இல்லையென்றால் தம் பெயர் அட்டையை வைத்துவிட்டு வருவது வழக்கம். ‘நான் வந்தேன், உங்களைக் காண விரும்பினேன்’ என்பதற்கு அது அடையாளம். பெரட் அந்த வீட்டு மரியாதையை, வீடே இல்லாத வெட்டவெளிக்குக் கொண்டுவந்தார். அங்கே வரவேற்க ஆளில்லை. அட்டையைச் சோதிக்கவும் ஆளில்லை. வந்தவர் தம் மனச்சாட்சியின்படி வைத்துவிட்டுப் போக வேண்டியதுதான். நேயர்களே, இந்தக் கட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்த எல்லா ஒழுங்குமுறைகளுக்கும் வேர் இதுதான்.

புட்டிக்குப் பின் தகரப் பெட்டி வந்தது. 1905ஆம் ஆண்டில் வருகையாளர் புத்தகம் ஒன்று வைக்கப்பட்டது. அட்டை வைத்திருக்கும் கனவான்தான் வரவேண்டும் என்ற நிலை மாறி, எழுதத் தெரிந்த எவரும் கையெழுத்திடலாம் என்றாயிற்று. பின்னர் அங்கே ஒரு ரப்பர் முத்திரையும் சேர்ந்தது. வந்தவர் பெட்டியில் உள்ள முத்திரையைத் தம் குறிப்பேட்டில் குத்திக்கொள்வார். தமக்கென்று ஒரு முத்திரை வைத்திருப்பவர் அதைப் பெட்டியில் உள்ள புத்தகத்தில் பதித்துச் செல்வார். 1937ஆம் ஆண்டில், ஒரு செய்தித்தாளின் வாசகர்கள் கொடுத்த பணத்தைக் கொண்டு, கிரான்மியர் குளத்தில் கல்லால் நிலையான பெட்டியே கட்டப்பட்டது.

இன்னொரு பழக்கமும் அங்கே வளர்ந்தது. அது என் நெஞ்சைத் தொட்ட பழக்கம். வந்தவர் தம் முகவரியைத் தாமே எழுதிய ஓர் அஞ்சலட்டையை, தபால்தலையும் ஒட்டி, பெட்டியில் வைத்துச் செல்வார். அடுத்து வருபவர் அதை எடுத்துச் சென்று, தம் ஊர் அஞ்சல் பெட்டியில் போடுவார். அது ஒரு நாளில் வந்து சேரலாம். அடுத்த ஆள் வரும்வரை வாரக்கணக்கில் காத்திருக்கவும் நேரலாம். முகம் தெரியாத ஒருவர் நம் அட்டையைக் குப்பையில் போடாமல் அஞ்சலில் சேர்ப்பார் என்ற நம்பிக்கையில்தான் அது நடந்தது. இதனால்தான் அந்தப் பொழுதுபோக்குக்கே ‘லெட்டர்பாக்ஸிங்’, அதாவது அஞ்சல்பெட்டி தேடல், என்று பெயர் நிலைத்தது.

பெட்டிகள் பெருகின, தேடுவோரும் பெருகினர். பழைய கற்குவியல்களைக் கலைப்பதும், புல்தரையைத் தோண்டுவதும் நேர்ந்தன. பண்டைக்கால மனிதர் எழுப்பிய கல்வரிசைகள் டார்ட்மூரில் ஏராளம். எனவே, பழஞ்சின்னங்களுக்குள் பெட்டி வைக்கக் கூடாது, மண்ணைத் தோண்டக் கூடாது, கல்லை நகர்த்தினால் இருந்தபடி திரும்ப வைக்கவேண்டும் என்னும் நெறிமுறைகள் உருவாயின. பிழை நேர்ந்த பிறகே விதி பிறந்தது.

இனி அமெரிக்காவுக்குச் செல்வோம். வானத்தில் சுற்றும் துணைக்கோள்களைக் கொண்டு தரையில் நாம் நிற்கும் இடத்தை அறியும் முறைக்கு ஜிபிஎஸ் என்று பெயர். அமெரிக்க இராணுவம் இதற்கான முதல் துணைக்கோளை 1978ஆம் ஆண்டில் ஏவியது. 24 துணைக்கோள்களுடன் 1995ஆம் ஆண்டில் இம்முறை முழுமை பெற்றது. பொதுமக்களும் இதைப் பயன்படுத்தலாம். ஆனால், பகைவர் துல்லியமாகக் குறிபார்க்கக் கூடாது என்பதற்காக, பொதுமக்களுக்குக் கிடைக்கும் சைகையில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டிருந்தது. அதனால் கருவி காட்டும் இடம் நூறு மீட்டர்வரை தவறிப்போகும். ஒரு காற்பந்துத் திடலின் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு பெரிய இடத்தில் ஒரு டப்பாவை எங்கே தேடுவது?

2000ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதி, அமெரிக்க அதிபர் கிளிண்டன் அந்தப் பிழையை நீக்குவதாக அறிவித்தார். அன்று நள்ளிரவோடு அது நீங்கியது. மக்கள் கையிலிருந்த சாதாரணக் கருவிகள் ஒரே இரவில் ஏறத்தாழப் பத்து மடங்கு துல்லியம் பெற்றன.

மே 3ஆம் தேதி, ஓரிகன் மாநிலத்தில் போர்ட்லாந்து நகருக்கு அருகில் உள்ள பீவர்கிரீக் என்னுமிடத்தில், டேவ் அல்மர் என்பவர் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் வாளியைப் பாதியளவு மண்ணில் புதைத்து வைத்தார். புத்தகம், ஒளிநாடா, கணினி மென்பொருள், கொஞ்சம் பணம், ஒரு கவண், ஒரு டின் பீன்ஸ் ஆகியவற்றோடு ஒரு குறிப்பேடும் பென்சிலும் அதில் இருந்தன. இடத்தின் எண்களைக் கணினி வழியே வெளியிட்டார். அவர் விதித்தது ஒரே ஒரு விதிதான்: ஏதேனும் எடுத்துக்கொள்ளுங்கள், ஏதேனும் வையுங்கள், அதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். சில நாள்களுக்குள் மைக் டீக் என்பவர் அதைக் கண்டுபிடித்துக் குறிப்பேட்டில் எழுதினார். அவரே இத்தகைய பெட்டிகளின் பட்டியலைத் தொகுக்கவும் தொடங்கினார். அதே மே மாதத்தில் மேட் ஸ்டம் என்பவர் ஜியோகேச்சிங் என்னும் பெயரை முன்மொழிந்தார். செப்டம்பர் 2ஆம் தேதி, ஜெரமி ஐரிஷ் என்பவர் இதற்கென்று இணையத்தளம் தொடங்கியபோது, உலகெங்கிலும் இருந்தவை 75 பெட்டிகளே.

நேயர்களே, அந்த முதல் வாளியில் இன்று கூடாது என்று விலக்கப்பட்டவை இரண்டு இருந்தன. ஒன்று, உணவு. உணவின் வாடைக்கு விலங்குகள் வந்து பெட்டியைக் கடித்து உடைத்துவிடும் என்பதால் இப்பொழுது உணவு வைக்கக் கூடாது. மற்றொன்று, மண்ணில் புதைப்பது. தோண்டிப் புதைப்பது இன்று பொது விதிப்படி தவறு. ஆக, தொடங்கி வைத்தவரே இன்றைய விதிப்படி இரண்டு தவறு செய்தவர்! ஆனால் அவர் வைத்த குறிப்பேடு மட்டும் இன்றுவரை மாறாமல் நிற்கிறது.

இனி, புதிதாக இந்த விளையாட்டில் இறங்குபவர் குறிப்பு எழுதும்போது அறிய வேண்டியவற்றைப் பார்ப்போம். பிள்ளைகள் அருகில் இருந்தால் அவர்களையும் கேட்கச் சொல்லுங்கள்.

முதலாவது, தாளில் எழுதியதே கண்டதற்குச் சான்று. இப்பொழுது கைப்பேசியிலும் ‘கண்டேன்’ என்று பதியலாம். ஆனால், பெட்டிக்குள் உள்ள தாளில் பெயர் இல்லாவிட்டால், பெட்டி வைத்தவர் அந்தப் பதிவை நீக்கிவிடலாம். தூரத்தில் நின்று, “அதோ மரக்கிளையில் தெரிகிறது” என்று பார்த்துவிட்டுத் திரும்புவது கண்டதாகாது. சிறு பெட்டிகளில் பேனா வைக்க இடமிராது; விரல் நுனியளவு பெட்டிகளும் உண்டு. எனவே பேனாவை நாமே கொண்டுபோக வேண்டும். தாளைச் சுருட்டி எடுத்தபடியே சுருட்டி வைக்க வேண்டும். மழை பெய்தால் தாள் நனையாமல் காக்க வேண்டும். நம் பெயரை எழுதும் அவசரத்தில் முன்பு வந்தவர்களின் பெயர்களை அழித்துவிடக் கூடாது.

இரண்டாவது, இடத்தைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. “மூன்றாவது கம்பத்தின் மூடிக்குள் இருந்தது” என்று கைப்பேசியில் எழுதிவிட்டால், அடுத்து வருபவருக்குத் தேடும் இன்பம் போய்விடும். விடுகதையைப் போட்டவுடன் விடையைச் சொல்லிவிடுவதைப் போன்றது அது. குறிப்புத் தந்தே ஆகவேண்டும் என்றால், ஓர் ஆங்கில எழுத்துக்குப் பதிலாக அதிலிருந்து பதின்மூன்றாவதாக வரும் எழுத்தை எழுதும் எளிய மறைமொழி வழக்கத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுத்துகள் 26 ஆதலால், அதே முறையை மறுபடியும் செய்தால் பழைய சொல் வந்துவிடும். தேவைப்படுபவர் மட்டும் அவிழ்த்துப் பார்ப்பார்.

மூன்றாவது, நன்றி சொல்வது. பெட்டியை வைத்தவருக்கு இதில் ஒரு காசும் கிடைப்பதில்லை. இடத்தைத் தேர்ந்து, அனுமதி பெற்று, தாள் நிறைந்தால் மாற்றி வைத்துப் பராமரிப்பவர் அவர். அவருக்குக் கிடைக்கும் ஒரே கூலி, கண்டவர் எழுதும் குறிப்புதான். பலர் டி.எஃப்.டி.சி. என்று நான்கு எழுத்தோடு முடித்துவிடுவார்கள். பெட்டிக்கு நன்றி என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் அவை. ஒரு சிறிய தாளில் அது போதும். ஆனால், கைப்பேசியில் எழுத இடம் இருக்கும்போது, யாரோடு சென்றோம், வழியில் என்ன பார்த்தோம் என்று இரண்டு வரி எழுதினால், வைத்தவர் மனம் குளிரும்.

நான்காவது, எடுத்ததற்கு ஈடாக வைப்பது. பெரிய பெட்டிகளில் விளையாட்டுப் பொருள்கள் இருக்கும். ஒன்றை எடுத்தால் அதே மதிப்புள்ளதோ அதற்கு மேலானதோ வைக்க வேண்டும். பொம்மைக் காரை எடுத்துக்கொண்டு மிட்டாய்த் தாளைப் போட்டுவிட்டு வருவது பண்பாகாது. எண் பொறித்த சில பொருள்கள் பெட்டிக்குப் பெட்டி பயணம் செய்வதற்காகவே விடப்பட்டவை. அவற்றைச் சொந்தமாக்கிக்கொள்ளக் கூடாது. அடுத்த பெட்டிக்குச் சேர்த்து, சேர்த்ததைப் பதிய வேண்டும்.

ஐந்தாவது, சுற்றியிருப்போரை மதிப்பது. யாரும் அறியாமல் எடுத்து யாரும் அறியாமல் வைப்பதே விளையாட்டு என்றாலும், திருட்டுத்தனமாக நடமாடினால் பார்ப்பவர் என்ன நினைப்பார்? 2011ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வெதர்பி என்னும் ஊரில், ஒருவர் கடைத்தெருவில் எதையோ மறைவாகக் கையாளுவதைக் கண்டவர்கள் காவல்துறைக்குச் சொல்ல, வெடிகுண்டு நிபுணர்கள் வந்து அந்தப் பெட்டியை வெடித்துத் தகர்த்தார்கள். அது வெறும் விளையாட்டுப் பெட்டி. யாராவது கேட்டால் மறைக்காமல் விளக்கிச் சொல்வதே சிறந்தது. பெட்டியின் மேல் அது என்ன என்று எழுதி வைப்பதும் அதற்காகத்தான்.

ஆறாவதாக ஒன்று உண்டு. புதியவர்கள் மிகவும் தயங்குவது அதற்குத்தான். தேடியும் கிடைக்காவிட்டால், ‘கிடைக்கவில்லை’ என்று பதிய வேண்டும். பலர் வெட்கப்பட்டு ஒன்றும் எழுதாமல் இருந்துவிடுகிறார்கள். ஆனால், ஒருவர் பின் ஒருவராக நால்வர் ‘கிடைக்கவில்லை’ என்று எழுதினால்தான், பெட்டி காணாமற்போயிருக்கலாம் என்று வைத்தவர் வந்து பார்ப்பார். இல்லாவிட்டால் எத்தனையோ பேர் இல்லாத பெட்டியைத் தேடி அலைவார்கள். ‘கண்டேன்’ என்ற குறிப்பைவிடப் பயனுள்ளது சில வேளைகளில் ‘காணவில்லை’ என்ற குறிப்பு.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. உங்களிடம் மறைப்பானேன்?

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் படித்த காலத்தில், எங்களை ஒரு முகாமுக்கு அழைத்துச் சென்றார்கள். விரிவுரையாளர் ஒருவர் குன்றின் உச்சியில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் குறிப்பேடு ஒன்றை வைத்துவிட்டு வந்தார். குழு குழுவாகச் சென்று, உச்சியை அடைந்தவர் அதில் பெயர் எழுத வேண்டும். வழியைப் பற்றிச் சொல்ல வேண்டியது இருந்தால் அதையும் எழுத வேண்டும் என்றார். நாங்கள் ஐவர் கடைசிக் குழு. பாதி வழியில் ஓர் ஓடை. அதன் குறுக்கே ஒரு மரம் பாலமாகக் கிடந்தது. எங்களில் முதலில் ஏறியவர் நான். இரண்டடி வைத்ததும் அது காலடியில் முறியும் ஓசை கேட்டது. பின்வாங்கிவிட்டேன். நால்வர் கரையிலேயே அமர்ந்துவிட்டோம். துணிச்சல்காரன் ஒருவன் மட்டும் இடுப்பளவு நீரில் இறங்கிக் கடந்து, உச்சிக்குச் சென்று, எங்கள் ஐவர் பெயரையும் எழுதிவிட்டு வந்தான். எங்களுக்கு உதவி செய்ததாகத்தான் அவன் நினைத்தான். நாங்களும் நன்றி சொன்னோம். மரம் இற்றுப்போயிருக்கிறது என்று எழுதினால் நாங்கள் கடக்கவில்லை என்பது தெரிந்துவிடுமே! ஆகவே ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அடுத்த வாரம் வேறொரு பிரிவு மாணவர்கள் அதே வழியில் அனுப்பப்பட்டார்கள். மரம் முறிந்தது. ஒரு பயிற்சி ஆசிரியை கீழே விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டோடு அவர் வகுப்புக்கு வந்த நாளில், விரிவுரையாளர் அந்தக் குறிப்பேட்டை எங்கள் முன் புரட்டிப் பார்த்து, “போன வாரம் எல்லாரும் கடந்திருக்கிறீர்களே, ஒருவர்கூட ஒன்றும் எழுதவில்லையே” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, வியப்புத்தான் இருந்தது. நான் தலை குனிந்திருந்தேன். மறுநாள் அவரிடம் தனியே சென்று உண்மையைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் குறிப்பேட்டை என்னிடம் நீட்டினார். என் பெயரை நானே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, அதன் அருகில், ‘ஓடையில் திரும்பினேன். மரம் உறுதியாக இல்லை’ என்று எழுதினேன். ஒரு வாரம் தாமதமாக எழுதிய குறிப்பு அது. உரிய நாளில் எழுதியிருந்தால் ஒரு கை முறிந்திருக்காது.

அந்தக் குறிப்பேட்டில் பெயர் எழுதியதால் எனக்கு மதிப்பெண் கூடவில்லை. எழுதாமல் விட்டிருந்தால் குறைந்திருக்கவும் மாட்டாது. ஒன்றும் இல்லாத விஷயத்துக்குத்தானே பொய் என்று நாம் நினைக்கிறோம். ஆனால், நாம் எழுதியதை நம்பி நம் பின்னால் ஒருவர் நடந்து வருகிறார். அவர் முகம் நமக்குத் தெரியாது.

தோட்டத்து மக்களாகிய நமக்கு இது புதிய செய்தியன்று. செம்பனைக் குலையை வெட்டுபவர், அதன் காம்பில் தம் எண்ணை எழுதித்தான் சாலையோரம் அடுக்குகிறார். காய் வெட்டியிருந்தாலும் அந்த எண் சொல்லிவிடும். நல்ல பழம் வெட்டியிருந்தாலும் அதே எண்தான் சொல்லும். என் தந்தையார் பால் வெட்டிய காலத்தில், நிரையில் எத்தனை மரம் வெட்டினார் என்று பக்கத்தில் நின்று எண்ணியவர் யாரும் இல்லை. மழை வந்து பாதி நிரையோடு திரும்பிய நாள்களில், “இன்னைக்குப் பாதிதான்” என்று தாமே கிராணியிடம் சொல்லிவிடுவார். அன்று அது எனக்கு ஏமாளித்தனமாகத் தோன்றியது. ஓடைக்கரையில் இருந்து திரும்பிய பிறகுதான் அதன் பொருள் விளங்கியது.

நேயர்களே, அந்தப் பையனின் கேள்விக்கு வருவோம். எடுத்துக்கொண்டு வராவிட்டால் என்ன லாபம்? நான் அவனுக்குச் சொன்ன விடை இதுதான்: “உன் அண்ணன் எடுத்துக்கொண்டு வந்திருந்தால், அந்த டப்பா ஒருவருக்குத்தான் கிடைத்திருக்கும். வைத்துவிட்டு வந்ததால், அவருக்கு முன்னால் வந்தவர்களும் பின்னால் வரப்போகிறவர்களும் அந்தத் தாளில் ஒன்றாக இருக்கிறார்கள். அதில் உள்ள எல்லாரும் உண்மையாகவே வந்தவர்களாக இருந்தால்தான் அந்தத் தாளுக்கு மதிப்பு.”

அவன் சிறிது நேரம் யோசித்தான். பிறகு, “அப்படின்னா நம்ம பள்ளியிலயும் ஒண்ணு வைக்கலாமா ஐயா?” என்றான். வைத்துவிட்டோம். பள்ளித் தோட்டத்தில், எங்கே என்று சொல்லமாட்டேன், ஒரு மூடியுள்ள டப்பாவும் நாற்பது பக்கக் குறிப்பேடும் இருக்கின்றன. முதல் வாரத்தில் பதினோரு பேர் ‘கண்டேன்’ என்று எழுதினார்கள். வகுப்பறைச் சுவரில் ஒட்டிய தாளில் ஆறு பேர் ‘தேடினேன், கிடைக்கவில்லை’ என்று எழுதியிருந்தார்கள். அந்த ஆறு பேரையும் மறுநாள் காலைச் சபைக்கூடலில் எழுந்து நிற்கச் சொல்லி, எல்லாரையும் கைதட்டச் சொன்னேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள். மீண்டும் அடுத்த பேச்சில் சந்திப்போம். வணக்கம்.